சிவப்பு வழியா, பச்சை வழியா? கஸ்டம்ஸ் பத்தி வாசகர்கள் கேட்டதும் நாம சொன்னதும்

போன இதழ்ல "வெளிநாட்டுலருந்து ஊருக்கு வரும்போது எது கொண்டு வரலாம், எது கூடாது, கேளுங்க"ன்னு கடைசி பக்கத்துல ஒரு வரி போட்டிருந்தோம், அதுக்கு வந்த லெட்டரும் வாட்ஸப்பும் பாத்தா எத்தனை வீட்ல இந்த பயம் இருக்குன்னு தெரியுது. நான் ஷார்ஜால ஒரு கார்கோ ஆபீஸ்ல 17 வருஷம் இருந்தவன். அட்டைப்பெட்டியை கயிறு போட்டு கட்டி, மேல மார்க்கர்ல பேரும் ஊரும் எழுதி அனுப்புறதுதான் வேலை, அதனால இந்த கேள்விங்க எல்லாம் எனக்கு புதுசு இல்ல. ஒரே மாதிரி கேட்டவங்களை சேர்த்து ஒரே பதிலா போட்டிருக்கேன்.

கேள்வி: பையன் துபாய்ல இருக்கான், வர்ற மாசம் லீவுக்கு மருமகளோட வர்றான். 50 ஆயிரம் வரைக்கும்தான் வரி இல்லன்னு இவங்க அப்பா சொல்றார், 75 ஆயிரம்னு பக்கத்து வீட்ல சொல்றாங்க. 1,10,000 ரூபாய்க்கு ஒரு புது போன் வாங்கியிருக்கானாம். ரெண்டு பேர் கணக்கையும் சேர்த்து காட்டலாமா?
(வாசகி, தேவகோட்டை)

பதில்: ரெண்டு பேர் சொல்றதுமே சரிதாம்மா, காலம்தான் வேற. 2016ல வந்த பேகேஜ் விதியில 50 ஆயிரம்னு இருந்துச்சு, பத்து வருஷமா அதுதான் எல்லார் வாயிலயும் ஓடிட்டிருந்தது. 2026 பிப்ரவரி 2லருந்து புது விதி, அதுல இந்தியாவுல குடியிருக்கிறவங்களுக்கும் இந்திய வம்சாவளிக்காரங்களுக்கும் ஆளுக்கு 75 ஆயிரம். டூரிஸ்டா வர்ற வெளிநாட்டுக்காரங்களுக்கு முன்ன 15 ஆயிரம், இப்ப 25 ஆயிரம். கைக்குழந்தைக்கு தனி கணக்கு கிடையாது, அது பயன்படுத்துற துணிமணி சாமானுக்கு மட்டும்தான் விலக்கு.

சேர்த்து காட்ட முடியாது. இதுலதான் நம்மாளுங்க நிறைய பேர் ஏமாந்து போறாங்க. புருஷன் 75, பொண்டாட்டி 75, ஆக ஒண்ணரை லட்சம்னு மனசுல கணக்கு போட்டுட்டு ஒரே பொருளா வாங்கிட்டு வருவாங்க, ஆனா விதி என்ன சொல்லுதுன்னா ஒருத்தரோட சலுகையை இன்னொருத்தரோட சலுகையோட கூட்டக் கூடாது. ரெண்டு பேரும் தனித்தனியா 70 ஆயிரத்துக்கு சாமான் கொண்டு வந்தா பிரச்சனை இல்ல, ஒரே போன் 1,10,000ன்னா அது ஒருத்தர் கணக்குல தான் வரும்.

அதுக்காக முழு விலைக்கும் வரி கட்டணும்னு இல்ல, வரம்புக்கு மேல போற 35 ஆயிரத்துக்கு மட்டும்தான். 2016 விதி காலத்துல 35 சதவீதம், அதுமேல சர்சார்ஜ், சேர்த்து 38.5 சதவீதம் வாங்குவாங்க, அந்த ரேட்ல போட்டா 13,475 ரூபாய். வர்ற அன்னைக்கு கவுண்டர்ல என்ன ரேட்டோ அதை கட்டிட்டு ரசீது வாங்கிக்க சொல்லுங்க. பையன் கையில வச்சு பேசிட்டிருக்கிற பழைய போன் இந்த கணக்குல வராது, அது சொந்த உபயோகப் பொருள். 18 வயசு ஆனவங்க ஒரு லேப்டாப் கொண்டு வரலாம், அதுவும் இந்த 75 ஆயிரத்துல சேராது.

இன்னொண்ணு, பில்லை தூக்கி போட்டுடாதீங்க. "டப்பாவை அங்கயே போட்டுட்டு சிம் போட்டு பழசு மாதிரி கொண்டு வா"ன்னு சொல்லித் தர்றவங்க இருக்காங்க, கேக்காதீங்கம்மா. பில் இல்லன்னா ஆபீசர் நெட்ல விலை பாத்து போடுவார், உங்க பையன் ஆஃபர்ல குறைச்சு வாங்கியிருந்தா அந்த லாபம் அங்கயே போயிடும்.

கேள்வி: சிங்கப்பூர்ல இருந்து 43 இன்ச் டிவி கொண்டு வந்தா 75 ஆயிரத்துக்குள்ள தானே வருது, ஃப்ரீயா?
(வாசகர், ஆரணி)

பதில்: இல்ல சார். தட்டை டிவிக்கு இருந்த விலக்கை 2013 ஆகஸ்ட்லயே எடுத்துட்டாங்க, விலை எவ்வளவா இருந்தாலும் வரி உண்டு. அதை பாதுகாப்பா பேக் பண்ற செலவு, ஏர்லைன்ஸ்ல கூடுதல் லக்கேஜ் காசு எல்லாம் கூட்டிப் பாத்தா நம்ம ஊர் கடையிலயே வாங்கிக்கிறதுதான் நல்லது. கார்கோல வேலை பாத்தவன் சொல்றேன், உடைஞ்சு வந்த டிவி எத்தனையோ பாத்திருக்கேன்.

கேள்வி: மகள் மஸ்கட்ல மூணு வருஷமா இருக்கா, குழந்தையோட வர்றா. எத்தனை பவுன் போட்டுட்டு வரலாம்? அதோட நான் அடுத்த மாசம் அண்ணன் மகன் கல்யாணத்துக்கு மலேசியா போறேன், கழுத்துல கையில 15 பவுன் போட்டுட்டு போய் வரலாமா, திரும்பும்போது புடிப்பாங்களா?
(வாசகி, கும்பகோணம்)

பதில்: இந்த மாசம் அதிகமா வந்த கேள்வி இதுதான், அதனால கொஞ்சம் விலாவாரியா சொல்றேன்.

முதல்ல மகள். வெளிநாட்டுல ஒரு வருஷத்துக்கு மேல குடியிருந்துட்டு வர்ற பெண்ணுக்கு 40 கிராம் நகை, ஆணுக்கு 20 கிராம் நகை வரி இல்லாம கொண்டு வரலாம். நம்ம கணக்குல அஞ்சு பவுன், ரெண்டரை பவுன். பழைய விதியில இந்த எடையோட சேர்த்து விலைக்கும் ஒரு உச்சவரம்பு வச்சிருந்தாங்க, பெண்ணுக்கு 1 லட்சம், ஆணுக்கு 50 ஆயிரம். 2016ல பவுன் இருபத்தி சொச்சம் ஆயிரம் வித்தப்ப அஞ்சு பவுனும் ஒரு லட்சமும் கிட்டத்தட்ட ஒண்ணாதான் இருந்துச்சு. அப்புறம் விலை ஏறி ஏறி, ஒரு லட்சத்துக்கு ஒரு பவுன் வாங்குறதே கஷ்டம்னு ஆயிடுச்சு, ஆனா விதி மட்டும் அப்படியே கிடந்தது. காகிதத்துல 40 கிராம், நிஜத்துல 8 கிராம். எத்தனை புள்ளைங்க இதனால கவுண்டர்ல நின்னு அழுதாங்கன்னு எனக்கு தெரியும். 2026 விதியில அந்த விலை வரம்பை தூக்கிட்டாங்க, இப்ப எடை மட்டும்தான் கணக்கு. ரொம்ப நாள் முன்னாடியே செஞ்சிருக்க வேண்டியது.

நகைன்னா நகைதான். காசு, பிஸ்கட், கட்டி எதுவும் இந்த சலுகையில வராது. ஒரு வாரம் பத்து நாள் டூர் போனவங்களுக்கும் இந்த 40 கிராம் கிடையாது, வெளிநாட்டுல ஒரு வருஷத்துக்கு மேல குடியிருந்திருக்கணும். துபாய் கோல்ட் சூக்ல, அதாவது அங்க இருக்கிற தங்க பஜார்ல, விலை கம்மின்னு டூர் போய் வாங்குறவங்க இதை நினைவுல வச்சுக்கணும், இப்ப விக்கிற விலைக்கு ஒரு பவுனே அந்த 75 ஆயிரத்துக்குள்ள அடங்காது.

இப்ப நீங்க. இங்கருந்து போட்டுட்டு போற நகை நீங்க இங்க வாங்குனது, அதுக்கு திரும்பி வரும்போது வரி கிடையாது. ஆனா அது அதே நகைதான்னு எப்படி காட்டுவீங்க? அதுக்குத்தான் எக்ஸ்போர்ட் சர்டிபிகேட்னு ஒண்ணு இருக்கு. ஊர்லருந்து கிளம்புற அன்னைக்கு ஏர்போர்ட்ல டிபார்ச்சர் பக்கம் இருக்கிற கஸ்டம்ஸ் ஆபீசர்கிட்ட நகையையும் பில்லையும் காட்டுனா, எடை போட்டு விவரம் எழுதி தருவாங்க. திரும்பும்போது அதை நீட்டுனா முடிஞ்சது. இதுக்கு நேரம் ஆகும், அதனால ரெண்டு மணி நேரமாவது சேர்த்து முன்னாடியே போங்க, பெட்டியை போட்டு போர்டிங் பாஸ் வாங்குறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க.

இது தெரியாம நான் பட்டதை சொல்றேன். 2011ல என் வீட்டுக்காரி மூணு மாசம் என்கூட இருக்க வந்தா, 12 பவுன் போட்டிருந்தா, எல்லாம் அவ கல்யாண நகை. திரும்பி நம்ம ஊர் பக்கத்து ஏர்போர்ட் ஒண்ணுல இறங்குனப்ப நிறுத்திட்டாங்க, நாலு மணி நேரம். பாலிஷ் போட்ட வளையலா இருந்ததால புதுசு மாதிரி தெரிஞ்சிருக்கு. நான் போன்ல அந்தப் பக்கம் கத்திட்டிருக்கேன், அவ இந்தப் பக்கம் அழுதுட்டிருக்கா, கடைசியில மச்சான் வீட்டு பீரோவுல தேடி நகைக்கடை பில்லையும் கல்யாண ஆல்பத்தையும் எடுத்துட்டு பைக்ல வந்து காட்டுனதுக்கு அப்புறம்தான் விட்டாங்க. அன்னைலருந்து எங்க வீட்ல யார் ஃப்ளைட் ஏறுனாலும் பில்லோட போட்டோ போன்ல இருக்கும், நகையை போட்டுக்கிட்டு எடுத்த போட்டோவும் தேதியோட இருக்கும்.

போட்டிருக்கிற நகையை எடுக்குறது சரியான்னு கோர்ட்டுக்கே கேஸ் போயிருக்கு. இலங்கையிலருந்து வந்த ஒரு புதுப் பொண்ணோட தாலிக்கொடியை சென்னை ஏர்போர்ட்ல எடுத்த விவகாரத்துல, 2025 தொடக்கத்துல சென்னை ஐகோர்ட் அது தப்புன்னு சொல்லி திருப்பிக் குடுக்க உத்தரவு போட்டுச்சு. ஆனா கோர்ட்டுக்கு போய் வாங்குறதுக்கு எத்தனை மாசம் அலையணும், அதை யோசிங்க, அந்த சர்டிபிகேட் கிளம்புற அன்னைக்கே முடியுற வேலை.

கேள்வி: சிவப்பு வழியில போனா நாமளே போய் மாட்டிக்கிற மாதிரி தானே அண்ணே? எல்லாரும் பச்சையில தானே போறாங்க?
(வாசகர், மன்னார்குடி)

பதில்: தம்பி, இதை நேர்மாறா புரிஞ்சு வச்சிருக்கீங்க. ஏர்போர்ட்ல பெட்டியை எடுத்துட்டு வெளிய வர்ற இடத்துல கஸ்டம்ஸ்ல ரெண்டு வழி இருக்கும், வரி கட்ட வேண்டியது இருக்கிறவங்களுக்கு சிவப்பு, இல்லாதவங்களுக்கு பச்சை. பச்சை வழியில காலை வச்சாலே "வரி கட்ட வேண்டியது எங்கிட்ட எதுவும் இல்ல"ன்னு நீங்க வாயால சொன்னதுக்கு சமம். அதுக்கப்புறம் பெட்டியில ஏதாவது கிடைச்சா அது மறைச்சது ஆயிடும், பொருளும் போகும், அபராதமும் வரும். சிவப்புல போய் "சார், இது இருக்கு, எவ்வளவு கட்டணும்"னு கேட்டா அது வெறும் வரி கட்டுற வேலைதான், ஈ.பி. ஆபீஸ்ல பில் கட்டுற மாதிரி.

கஸ்டம்ஸ் சட்டம் 1962ல 80வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, இது நிறைய பேருக்கு தெரியல. நீங்க உண்மையை சொல்லி காட்டுன பொருளை உள்ள கொண்டு போக வேணாம், திரும்பி போகும்போது எடுத்துக்கிறேன்னு கேட்டா, ஏர்போர்ட்லயே வச்சுக்கிட்டு ரசீது குடுப்பாங்க, கிளம்பும்போது வாங்கிட்டு போயிடலாம். சிங்கப்பூர், மலேசியா பாஸ்போர்ட்ல வர்ற சொந்தக்காரங்க பெரிய நகையோட வந்து முழிக்கும்போது இதுதான் கை குடுக்கும். ஆனா முன்னாடியே உண்மையை சொல்லியிருந்தாத்தான் இது. பச்சையில போய் மாட்டுனதுக்கு அப்புறம் கேட்டா கிடைக்காது. கியூவுல நிக்க யோசனையா இருந்தா அதிதின்னு கஸ்டம்ஸ்காரங்களோட ஆப் இருக்கு, வர்றதுக்கு முன்னாடியே அதுல எழுதிடலாம்.

கேள்வி: டூட்டி ஃப்ரீ கடையில வாங்குனதுக்கு எதுக்கு சார் டூட்டி? கடை பேர்லயே இருக்கே!
(வாசகர், மதுரை)

பதில்: கேள்வி நியாயமா தெரியும், ஆனா அந்த "ஃப்ரீ" நீங்க கிளம்புற நாட்டோட வரிக்கு. அந்த ஊர்ல வரி போடாம விக்கிறாங்க, அவ்வளவுதான், நீங்க இறங்குற நாட்டுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. இந்தியாவுக்குள்ள மது ஆளுக்கு 2 லிட்டர், துபாய்ல வாங்குனாலும் சரி, சென்னையில இறங்குன பிறகு அரைவல் பக்கம் இருக்கிற கடையில வாங்குனாலும் சரி, எல்லாம் சேர்த்து 2 லிட்டர்தான். சிகரெட் 100. இங்கதான் தப்பு நடக்குது, கடையில ஒரு கார்ட்டனா விப்பாங்க, அதுல 200 இருக்கும், ஒண்ணுதானே வாங்குனேன்னு நினைச்சா ஏற்கனவே ரெட்டிப்பு ஆயிருக்கும். இ-சிகரெட், வேப் எதுவுமே கூடாது, 2019லருந்து நம்ம நாட்டுல மொத்தமா தடை. வழியில இன்னொரு ஏர்போர்ட்ல மாறி வர்றவங்க, கடைக்காரர் சீல் பண்ணி தர்ற பையை வீட்டுக்கு வர்ற வரைக்கும் பிரிக்கக் கூடாது, பிரிச்சா அடுத்த செக்யூரிட்டியில பாட்டில் குப்பைக்கு போயிடும்.

கேள்வி: மூத்த மகன் மெல்போர்ன்ல, இளையவன் அபுதாபியில, மகள் சிங்கப்பூர்ல. மூணு வீட்டுக்கும் போறேன். பொடி, ஊறுகாய், கருவேப்பிலை, மசாலா சாமான் எல்லாம் கட்டி வச்சிருக்கேன். எதை எடுக்கலாம் எதை விடணும்?
(வாசகி, காரைக்குடி)

பதில்: உங்க லெட்டரை படிக்கும்போதே பொடி வாசம் வந்துச்சும்மா. மூணு நாட்டுக்கும் மூணு விதமா கட்டணும், ஒரே பெட்டியில எல்லாம் வேணாம்.

அபுதாபிக்கு முதல் வேலையா கசகசாவை எடுத்து வெளிய வச்சிடுங்க. நமக்கு அது குருமாவுக்கு அரைக்கிற சாமான், அமீரகத்துல அது அபின் செடியோட விதை, போதைப்பொருள் சட்டத்துல வரும். குருமா மசாலாவா அரைச்சு வச்சிருந்தாலும் அதுல கசகசா இருக்கான்னு நினைச்சுப் பாருங்க. வெத்தலையும் கூடாது, அண்ணனுக்கு தம்பிக்குன்னு யாரும் குடுத்து விட்டாலும் வாங்காதீங்க. மாத்திரையில ட்ரமடால், கோடீன் மாதிரி இருக்கிற வலி மாத்திரை, இருமல் சிரப் அங்க கட்டுப்பாட்டுல இருக்கு, டாக்டர் சீட்டு மட்டும் பத்தாது, அந்த நாட்டு அரசாங்கத்துகிட்ட முன்கூட்டியே அனுமதி வாங்கணும். மூட்டு வலிக்கு நீங்க என்ன சாப்பிடுறீங்கன்னு உங்க டாக்டர்கிட்ட மருந்தோட உட்பெயரை எழுதி வாங்கி, பையனை விட்டு பாக்க சொல்லுங்க.

சிங்கப்பூருக்கும் கசகசா ஆகாது, அங்கயும் போதைப்பொருள் தடுப்பு பிரிவோட கட்டுப்பாட்டுல இருக்கு. மருமகனுக்கு சிகரெட் வாங்கிட்டு போற பழக்கம் இருந்தா விட்டுடுங்க, அங்க வரி இல்லாம ஒரே ஒரு சிகரெட் கூட கொண்டு போக முடியாது. சூயிங் கம் 1992லருந்து கிடையாது, வாயில போடுற புகையிலை, வேப் எல்லாம் தடை. பேரப்புள்ளைக்கு வாங்குற புதுத்துணி, விளையாட்டு சாமான் மாதிரி பரிசுக்கு, சிங்கப்பூருக்கு வெளிய 48 மணி நேரமாவது இருந்துட்டு வர்றவங்களுக்கு 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரைக்கும் ஜிஎஸ்டி இல்ல, அதுக்கும் குறைஞ்ச நேரம்னா 100 வெள்ளி, மேல போனா 9 சதவீதம்.

மெல்போர்ன்தான் கண்டிப்பு அதிகம். பச்சை கருவேப்பிலையை மறந்துடுங்க, அது எலுமிச்சை, ஆரஞ்சு மரத்தோட குடும்பம், அந்த மரங்களை அழிக்கிற நோயை பரப்புற பூச்சி கருவேப்பிலை இலையிலயும் வாழும். ஒரு கொத்துல ஒட்டிட்டு போற பூச்சி ஒரு தோட்டத்தையே அழிச்சிடும்னு அவங்க பயப்படுறதுல நியாயம் இருக்கு, நம்ம விவசாயத்துக்கு அப்படி ஒண்ணு வந்தா நாமளும் அப்படித்தான் இருப்போம். அமெரிக்காவுக்கும் இதே காரணத்துக்காக பச்சை இலை கூடாது. பொடி, ஊறுகாய் எல்லாம் கடை பாக்கெட்டா, மேல என்னன்னு எழுதி இருக்கிற மாதிரி எடுத்துட்டு போங்க. ஃப்ளைட்ல குடுக்குற கார்டுல சாப்பாட்டு சாமான் இருக்கான்னு கேக்குற இடத்துல ஆமான்னு போடுங்க, இதுதான் முக்கியம். ஆமான்னு போட்டா பையை பிரிச்சு பாப்பாங்க, ஆகாததை எடுத்துப்பாங்க, மத்ததை குடுத்து அனுப்பிடுவாங்க, அபராதம் இல்ல. இல்லன்னு போட்டுட்டு உள்ள பொடி இருந்தா பெரிய தொகை கட்ட வேண்டி வரும். இங்கிலீஷ் படிக்க கஷ்டமா இருந்தா பக்கத்து சீட்ல காலேஜ் புள்ளை யாராவது இருக்கும், கேளுங்க, சந்தோஷமா எழுதித் தரும்.

கேள்வி: எவ்வளவு பணம் கையில கொண்டு வரலாம்?
(வாசகர், நாகப்பட்டினம்)

பதில்: வெளிநாட்டு பணத்துக்கு உச்சவரம்பு கிடையாது, ஆனா நோட்டா 5,000 டாலர் மதிப்புக்கு மேல இருந்தாலோ, டிராவலர்ஸ் செக் எல்லாம் சேர்த்து 10,000 டாலருக்கு மேல போனாலோ ஃபாரம் எழுதிக் குடுக்கணும். இந்திய ரூபாய் 25,000 வரைக்கும்தான். துபாய் பக்கம் போறவங்களுக்கு 60,000 திர்ஹாம், சிங்கப்பூருக்கு 20,000 வெள்ளி, அதுக்கு மேலன்னா அங்கயும் எழுதணும்.

கேள்வி: தம்பிக்கு 23 வயசு, ஷார்ஜால வேலை. லீவுக்கு வர்றான். கூட தங்கியிருக்கிற ஒரு அண்ணன் டிக்கெட் காசு குடுக்குறேன், ஒரு மிக்ஸியும் ஒரு டார்ச் லைட்டும் மட்டும் கொண்டு போய் ஏர்போர்ட் வாசல்ல நிக்கிற ஆள்கிட்ட குடுத்துடுன்னு சொல்றாராம். மிக்ஸி தானே, தப்பு இல்லையேன்னு தம்பி கேக்குறான். எனக்கு மனசு ஒப்பல.
(வாசகி, ராமநாதபுரம் பக்கம்)

பதில்: உங்க மனசு சொல்றதுதான் சரிம்மா. இந்த லெட்டரைத்தான் நான் முதல்ல எடுத்து வச்சேன், இதழ் வர்ற வரைக்கும் காத்திருக்க வேணாம்னு உங்களுக்கு போன்லயும் சொல்லியாச்சு, இருந்தாலும் மத்த வீடுகளுக்காக இங்க எழுதுறேன்.

மூவாயிரம் ரூபாய் மிக்ஸிக்கு யாராவது டிக்கெட் எடுத்துக் குடுப்பாங்களா? அந்த மிக்ஸியோட மோட்டருக்குள்ள காயில் இருக்க வேண்டிய இடத்துல தங்கம் இருக்கும், டார்ச்ல பேட்டரி இருக்க வேண்டிய இடத்துல இருக்கும். நம்ம ஊர்ல இதுக்கு பேரே இருக்கு, குருவி. குருவியா போறவன் பெரும்பாலும் கடன்ல இருக்கிற பையன், இல்லன்னா தங்கச்சி கல்யாணம் வச்சிருக்கிற பையன். கடத்துறவங்க அவனை மாதிரி ஆளைத் தேடித்தான் பிடிப்பாங்க. எனக்கு தெரிஞ்ச பசங்க ரெண்டு பேர் அப்படி மாட்டுனாங்க, எங்க ஆபீஸுக்கு வந்து பெட்டி கட்டிட்டு சிரிச்சுட்டு போனவங்க. பொருளை அனுப்புனவன் அடுத்த நாள் நம்பரை மாத்திட்டான், ஏர்போர்ட் வாசல்ல நின்னவன் கூட்டத்தோட போயிட்டான், கேஸ் பையன் பேர்ல. ஏன்னா பெட்டி அவன் டிக்கெட்ல, அவன் பேர்ல, அவன் கையில. உள்ள என்ன இருக்குன்னு தெரியாதுன்னு சொல்றதை நிரூபிக்கிறதுக்குள்ள வருஷம் ஓடிடும். கஸ்டம்ஸ் சட்டத்துல கடத்தலுக்கு 7 வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு, பொருள் பறிமுதல், மேல அபராதம், பாஸ்போர்ட் கோர்ட்ல. விசா போயிடும், வேலையும் போயிடும்.

2024 ஜூலையில தங்கத்துக்கு இறக்குமதி வரியை 15லருந்து 6 சதவீதமா குறைச்சாங்க, இந்த தொழிலோட லாபத்தை குறைக்கிறதும் அதுல ஒரு நோக்கம்தான். ஆனா கஷ்டப்படுற வீடு இருக்கிற வரைக்கும் கேக்குறவங்களும் இருப்பாங்க.

தம்பி அந்த அண்ணன்கிட்ட சண்டை போட வேணாம், ஒரே ரூம்ல தங்கியிருக்காங்க, பகையும் ஆகக் கூடாது. "அண்ணே, எனக்கு லக்கேஜ் கிலோ முடிஞ்சு போச்சு, நீங்க கார்கோல போட்டுடுங்க, நானே கூட வந்து கட்டித் தர்றேன்"னு சொல்லச் சொல்லுங்க. கார்கோல போட்டா அந்த அண்ணன் பாஸ்போர்ட் காப்பி குடுக்கணும், சாமான் லிஸ்ட்ல அவரே கையெழுத்து போடணும், எங்க ஆபீஸ்ல பெட்டியை பிரிச்சு பாத்துட்டுத்தான் கட்டுவோம். மிக்ஸி வெறும் மிக்ஸின்னா அவர் சரின்னு வந்துடுவார்.